செம்பனை ஆலையில் மின்தரமும் ஹார்மோனிக்ஸும்: அளப்பதிலிருந்து சரிசெய்வது வரை

ஹார்மோனிக்ஸ், அதாவது மின்னலையின் வடிவம் கெடுவது, என்ற பேச்சு ஆலைக்குள் வந்துவிட்டால் போதும், காரணம் தெரியாத கோளாறு எல்லாம் அதன் தலையில் விழும். பிரேக்கர் விழுந்தால் ஹார்மோனிக்ஸ், மோட்டார் சுட்டால் ஹார்மோனிக்ஸ், கிராணியின் கணினி நின்றால் அதுவும் ஹார்மோனிக்ஸ். அடுத்த வாரமே யாராவது ஃபில்டர் விலைப்பட்டியலோடு வாசலில் நிற்பார்.

அந்த விலைப்பட்டியலுக்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலைகளைத்தான் இங்கே சொல்கிறேன். தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டங்களின் செம்பனை ஆலைகளில் புதிதாகச் சேரும் வயர்மேன், சார்ஜ்மேன், துணைப் பொறியாளர் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியது. கணக்கில் அவர்கள் அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. எதற்குப் பிறகு எது என்பதில்தான் தடுமாறுகிறார்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செம்பனைப் பழத்தின் நார், கொட்டை ஓடு ஆகியவற்றை எரித்து நீராவி டர்பைனில் மின்சாரம் எடுக்கும் ஆலைக்கு, தெனாகா நேஷனல் மின்நிறுவனத்தின் இணைப்பும் இருந்தால், ஒரே சுவிட்ச்போர்டில் இரண்டு வேறு மின்னமைப்புகள் இருப்பதாக எண்ணிக்கொள்ள வேண்டும். கொதிகலன் சூடாகும் வரை ஓடும் டீசல் ஜெனரேட்டரையும் சேர்த்தால் மூன்று. ஒன்றில் அளந்த எண் மற்றொன்றுக்குச் செல்லாது.

1. மீட்டரைத் தொடும் முன் சேகரிக்க வேண்டியவை

ஒற்றைக்கோட்டு வரைபடம் முதலில் வேண்டும். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது ஆலை கட்டிய காலத்து வரைபடமாக இருக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு சுவிட்ச்போர்டின் முன் நின்று, ஒவ்வொரு ஃபீடரும் (போர்டிலிருந்து பிரியும் மின்வழி) இன்று எங்கே போகிறது என்று பென்சிலால் திருத்துங்கள். நடுவில் யாரோ சேர்த்த விஎஸ்டிகள் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவிகள்) அந்தப் படத்தில் இருக்காது. நாம் தேடுவதோ அவற்றைத்தான்.

அடுத்து பெயர்ப்பலகைகள். டிரான்ஸ்ஃபார்மரின் கேவிஏ (அது தாங்கும் மின்திறன்), அதன் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை) சதவீதம். ஜெனரேட்டர்களின் கேவிஏ, சப்டிரான்சியன்ட் ரியாக்டன்ஸ் (உள்தடை) சதவீதம். இந்த இரண்டாவது எண் பலகையில் கிடைக்காவிட்டால் தயாரிப்பாளரின் தரவுத்தாளில் இருக்கும். கெப்பாசிட்டர் பேங்கில் (திறன் காரணியை, அதாவது இழுக்கும் கேவிஏவில் உண்மையில் வேலை செய்யும் பங்கை, உயர்த்தும் கேன்களின் தொகுதி) எத்தனை படிகள், ஒவ்வொன்றும் எத்தனை கேவிஏஆர், எத்தனை வோல்ட்டுக்கானது, முன்னால் ரியாக்டர் (கம்பிச்சுருள்) உண்டா, உண்டென்றால் எத்தனை சதவீதம் என்பதையும் எழுதுங்கள். 7-ஆம் பகுதியின் கணக்கு முழுதும் இந்த எண்களில்தான் நிற்கிறது.

பன்னிரண்டு மாத மின்கட்டண ரசீதுகளை அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். 132 கிலோவோல்ட்டுக்குக் குறைந்த இணைப்புகளில் மாதச் சராசரித் திறன் காரணி 0.85-க்குக் கீழே போனால், குறையும் ஒவ்வொரு 0.01-க்கும் கட்டணத்தில் 1.5 விழுக்காடு கூடுதலாக விழும், 0.75-க்கும் கீழே போனால் ஒவ்வொரு 0.01-க்கும் 3 விழுக்காடு. 40,000 வெள்ளி (ரிங்கிட்) ரசீதில் திறன் காரணி 0.80 என்றால் 3,000 வெள்ளி வீண். கெப்பாசிட்டர் பேங்கை ஏன் வைத்தார்கள், இன்னும் அது தேவையா என்பதற்கு விடை இந்த ரசீதுகளில்தான் கிடைக்கும்.

கடைசியாக அனுமதி. மின்னோட்டம் இருக்கும் போர்டைத் திறந்து கிளாம்ப் மாட்டுவது உரிய தகுதிச் சான்றுள்ள சார்ஜ்மேனின் பொறுப்பில் நடக்க வேண்டிய வேலை. பயிற்சிக்கு வந்த தம்பியிடம் மீட்டரைக் கொடுத்து, "மாட்டிவிட்டு வா" என்று அனுப்பும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது குற்றம், அதைவிட ஆபத்து. மின்சாரம் போர்டுக்குள் நுழையும் பிரதான இன்கமரில் தொடுவதற்கு மீட்டரும் அதன் லீடுகளும் கேட் 4, 600 வோல்ட் பாதுகாப்பு வகையாக இருக்க வேண்டும்.

2. ஒரு கணக்கு மட்டும் மனத்தில் நிற்கட்டும்

மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நேராக இணைத்த மோட்டார் அந்த அலையின் வடிவத்திலேயே மின்னோட்டத்தை இழுக்கும். விஎஸ்டி அப்படி இழுப்பதில்லை. உள்ளே இருக்கும் ஆறு டையோடுகள் அலையின் உச்சியில் மட்டும் மின்னோட்டத்தைக் கடித்துக் கடித்து எடுக்கின்றன. அப்படிக் கடிபட்ட அலையைப் பிரித்துப் பார்த்தால் 50 ஹெர்ட்ஸோடு 250, 350, 550, 650 ஹெர்ட்ஸ் அலைகளும் கலந்திருக்கும். இவையே 5, 7, 11, 13-ஆம் வரிசைகள். எல்.இ.டி. விளக்கு, கணினி போன்ற ஒற்றைப்பேஸ் கருவிகள் 3-ஆம் வரிசையை, அதாவது 150 ஹெர்ட்ஸை, அதிகம் தருகின்றன.

மின்னோட்டத்தின் உருக்குலைவு விஎஸ்டியின் குணம். மின்னழுத்தத்தின் உருக்குலைவு அதுவும் மின்மூலமும் சேர்ந்து தருவது. மின்னோட்ட ஹார்மோனிக், மூலத்தின் இம்பீடன்ஸ் வழியாகப் போகும்போதுதான் மின்னழுத்தம் கெடுகிறது. மற்ற கருவிகளைத் தாக்குவது இந்தக் கெட்ட மின்னழுத்தம்தான்.

எண்களில் பாருங்கள். 1,000 கேவிஏ, 5 விழுக்காடு இம்பீடன்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக 100 ஆம்பியர் 5-ஆம் வரிசை மின்னோட்டம் போனால், 400 வோல்ட் பக்கத்தில் மின்னழுத்த உருக்குலைவு ஏறக்குறைய 1.7 விழுக்காடு. அதே 100 ஆம்பியர், 15 விழுக்காடு ரியாக்டன்ஸ் உள்ள 1,500 கேவிஏ டர்பைன் ஜெனரேட்டரிலிருந்து போனால் 3.5 விழுக்காடு. விஎஸ்டிகளில் எந்த மாற்றமும் இல்லை, மூலம் மட்டும் மாறியிருக்கிறது. ஜெனரேட்டர் பெரிது, ஆகவே தாங்கும் என்று நினைப்பது புதியவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஹார்மோனிக்ஸுக்கு முன்னால் கேவிஏ மட்டும் போதாது. அதை இம்பீடன்ஸால் வகுத்துப் பார்க்க வேண்டும்.

3. ஹார்மோனிக்ஸ் அல்லாதவற்றை முதலில் ஒதுக்குங்கள்

ஆலையில் வரும் புகார்களில் பெரும்பகுதிக்கு ஹார்மோனிக்ஸோடு தொடர்பே இல்லை. அவற்றை முதலிலேயே பிரிக்காவிட்டால் ஃபில்டர் வாங்கிய பிறகும் அதே பிரேக்கர் விழும்.

மின்னழுத்தத் திடீர் இறக்கம். மாலை இடிமழையின்போது பல விஎஸ்டிகள் ஒரே நொடியில் நின்றால், காரணம் இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மின்கம்பியில் எங்கோ விழுந்த இடி சில நூறு மில்லிவினாடிகளுக்கு அழுத்தத்தை இறக்கியிருக்கும். கான்டாக்டர்கள் (மின்காந்த சுவிட்சுகள்) அவிழும், விஎஸ்டியின் உள்ளே இருக்கும் டிசி பஸ் (நேர்மின் சேமிப்பு) காலியாகும். டர்பைனில் ஓடும்போது இதே இறக்கம் பெரிய மோட்டாரை நேரடியாகக் கிளப்பும்போது வரும். தொடக்க மின்னோட்டம் வழக்கத்தைவிட ஆறேழு மடங்கு. விஎஸ்டியின் கோளாறுப் பட்டியலைத் திறந்து நேரத்தையும் காரணத்தையும் பாருங்கள். குறை மின்னழுத்தம் என்று எழுதியிருந்தால் ஹார்மோனிக்ஸ் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

பேஸ்களுக்கிடையே ஏற்றத்தாழ்வு. மூன்று லைன் மின்னழுத்தங்களை எழுதி, சராசரியிலிருந்து மிக அதிகமாக விலகியதைச் சராசரியால் வகுத்தால் சதவீதம் கிடைக்கும். 404, 398, 383 என்றால் சராசரி 395, அதிக விலகல் 12, ஆக 3 விழுக்காடு. கேட்கச் சிறிய எண்தான். ஆனால் 1 விழுக்காட்டைத் தாண்டினாலே மோட்டாரின் சுமையைக் குறைக்க வேண்டும். 5 விழுக்காட்டில் மோட்டாரை ஓட்டவே கூடாது. கொதிகலன் புகையை இழுக்கும் ஐடி ஃபேன் மோட்டார் சுடுவதற்கு இதுவே காரணமாக இருப்பதுண்டு. ஆலை போர்டிலிருந்தே பழைய லயத்து வீடுகளுக்கும் மின்சாரம் போகும் தோட்டங்களில், வீடுகள் எல்லாம் ஒரே பேஸில் தொங்குகின்றனவா என்று பாருங்கள்.

தளர்ந்த இணைப்பு. ஆலைக்குள் ஈரமும் எண்ணெய்ப் புகையும் இருக்கும்வரை லக்குகள் (கேபிள் முனைகள்) கறுக்கத்தான் செய்யும். வெப்பப்படக் கருவியோடு ஒரு சுற்று வாருங்கள். தளர்ந்த நியூட்ரல் ஒன்றே ஒரு பேஸில் அழுத்தத்தை ஏற்றி, மற்றொன்றில் இறக்கி, விளக்குகளையும் கணினிகளையும் எரித்துவிடும்.

நிலையான மின்னழுத்தம். 2008 முதல் நம் நாட்டில் பெயரளவு 400/230 வோல்ட். மேலே 10 விழுக்காடு, கீழே 6 விழுக்காடு வரை போகலாம். 376-க்கும் 440-க்கும் இடையே இருக்கும் எதுவும் விதிக்குள்தான். பழைய கருவிகளில் 415 வோல்ட் என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஆனால் கெப்பாசிட்டர் மாற்றும்போது இந்த 440-ஐ நினைவில் வையுங்கள்.

4. மீட்டரை எங்கே பொருத்துவது

முதல் இடம் பிரதான இன்கமர். ஆலை முழுதும் சேர்ந்து என்ன செய்கிறது என்பதை அங்கேதான் பார்க்க முடியும். இரண்டாவது இடம் கெப்பாசிட்டர் பேங்கின் ஃபீடர். பலர் இதை விட்டுவிடுவார்கள், ஏனென்றால் கெப்பாசிட்டர் ஹார்மோனிக்ஸை உண்டாக்குவதில்லை. உண்மைதான், ஆனால் அதைப் பெருக்குவது கெப்பாசிட்டர். மூன்றாவதாகத்தான் விஎஸ்டி ஃபீடர்கள், பெரியதிலிருந்து சிறியதாக: ஐடி ஃபேன், பழத்தைப் பிழியும் ஸ்க்ரூ பிரஸ்கள், பிறகு மற்றவை.

விளக்குகளுக்கும் அலுவலகத்துக்கும் போகும் துணைப் போர்டில் நியூட்ரல் கம்பியில் ஒரு கிளாம்ப் போடுங்கள். 3-ஆம் வரிசை மின்னோட்டம் மூன்று பேஸ்களிலும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதால் நியூட்ரலில் ஒன்றையொன்று அடிப்பதில்லை, கூடுகிறது. பேஸுக்கு 20 ஆம்பியர் என்றால் நியூட்ரலில் 60. பேஸ்கள் சமமாக இருக்கின்றன, நியூட்ரலில் எதுவும் ஓடாது என்ற பழைய பாடம் இங்கே எடுபடாது. அரை அளவு நியூட்ரல் போட்ட பழைய கேபிள்கள் இப்படித்தான் சத்தமில்லாமல் கருகுகின்றன.

5. பொருத்தும்போது நேரும் பிழைகள்

கிளாம்பின் அம்புக்குறி சுமையை நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் அந்தப் பேஸின் திறன் எதிர்மறையாகக் காட்டும். மாட்டி முடித்தவுடன் மூன்று பேஸின் கிலோவாட்டும் நேர்மறையாக, ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கின்றனவா என்று பார்ப்பது முதல் சோதனை.

மின்னழுத்த லீடும் மின்னோட்டக் கிளாம்பும் ஒரே பேஸில் இருக்க வேண்டும். சிவப்பில் லீட், மஞ்சளில் கிளாம்ப் என்று மாறிவிட்டால் ஹார்மோனிக் சதவீதங்கள் சரியாகவே வரும், திறன் காரணி மட்டும் அபத்தமாக இருக்கும். அதனால்தான் இந்தப் பிழை வாரக்கணக்கில் கண்ணில் படுவதில்லை. மீட்டரின் வெக்டர் திரையில் ஒவ்வொரு மின்னோட்டக் கோடும் தன் மின்னழுத்தக் கோட்டுக்குச் சற்றே பின்னால் நிற்க வேண்டும்.

கிளாம்பின் அளவு. 3,000 ஆம்பியர் வளையக் கிளாம்பை 40 ஆம்பியர் ஃபீடரில் மாட்டினால் வருவது பெரும்பாலும் இரைச்சல். போர்டில் இருக்கும் சிடியின் (மின்னோட்டத்தைச் சிறிதாக்கித் தரும் அளவு டிரான்ஸ்ஃபார்மர்) இரண்டாம் பக்கத்தில் சிறிய கிளாம்ப் மாட்டுவதானால் விகிதத்தை மீட்டரில் பதிவு செய்யுங்கள். எக்காரணம் கொண்டும் அந்தக் கம்பியைக் கழற்றாதீர்கள்; முதல் பக்கத்தில் மின்னோட்டம் ஓடும்போது திறந்துவிட்ட சிடி உயிரைப் பறிக்கும் மின்னழுத்தத்தைக் காட்டும்.

சாதாரண மீட்டர். "அண்ணே, மீட்டர் 70 ஆம்பியர்தான் காட்டுகிறது, 80 ஆம்பியர் பிரேக்கர் ஏன் விழுகிறது?" என்று கேட்பார்கள். சராசரியை எடுத்து ஆர்எம்எஸ்ஸாக (கம்பியைச் சூடாக்கும் அளவைக் காட்டும் மதிப்பு) கணக்கிடும் மலிவு மீட்டர், விஎஸ்டியின் கடிபட்ட அலையை நாற்பது விழுக்காடு வரைகூடக் குறைத்துக் காட்டும். உண்மை ஆர்எம்எஸ் மீட்டரால் அதே கம்பியை அளந்தால் பிரேக்கர் பொய் சொல்லவில்லை என்பது தெரியும்.

பதிவு மீட்டர், ஐஇசி 61000-4-30 தரத்தின் ஏ வகையாக இருப்பது நல்லது. டர்பைனின் வேகம் நீராவி அழுத்தத்தோடு ஆடும். அதிர்வெண் 50-இல் அசையாமல் நிற்காது. மலிவான கருவிகள் அந்த ஆட்டத்தையே ஹார்மோனிக் என்று பதிவு செய்துவிடும். ஏ வகை, அதிர்வெண்ணைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டு, பத்துப் பத்துச் சுழற்சிகளாக அளந்து, பத்து நிமிடச் சராசரியாகத் தொகுக்கும்.

மீட்டரின் கடிகாரத்தை ஆலைக் கடிகாரத்தோடு ஒப்பிடுங்கள். பத்து நிமிடம் தள்ளியிருந்தால், எந்த மோட்டார் ஓடியபோது எந்த எண் வந்தது என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது.

6. எவ்வளவு காலம், எந்த நிலையில்

ஒரு வாரம் என்பது வழக்கம், அதற்குக் காரணமும் உண்டு. ஆலையின் ஓட்டம் வாரச் சுழற்சியில் நடக்கிறது: குலைகள் குவியும் நாள், ஓய்வு நாள், கொதிகலன் கழுவும் நாள். அரை மணி நேரம் மாட்டி எடுத்த படத்தில் இதில் எதுவும் இருக்காது.

ஆனால் வாரம் முழுதையும் ஒரே குவியலாகப் பார்க்காதீர்கள். டர்பைன், டீசல், தெனாகா என்று மூலம் மாறிய ஒவ்வொரு நேரத்தையும் ஷிப்ட் மேற்பார்வையாளர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். பிறகு தரவை மூன்றாகப் பிரியுங்கள். வாரச் சராசரி என்று ஒற்றை எண்ணைத் தரும் அறிக்கையை நான் வாங்கியவுடன் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

ஆலை நின்றிருக்கும் நாளிலும் மீட்டர் ஓட வேண்டும். விஎஸ்டிகள் எல்லாம் அணைந்திருக்கும்போதும் தெனாகா பக்கத்தில் மின்னழுத்த உருக்குலைவு 2, 3 விழுக்காடு இருந்தால், அது வெளியிலிருந்து வருவது. இந்த அடித்தள எண் இல்லாமல் யாருடைய தவறு என்று பேசவே முடியாது.

குலை அதிகம் வரும் மாதங்களில் ஒருமுறை அளப்பது நல்லது. வரத்து குறைந்த காலத்தில் பாதி பிரஸ்கள் நின்றிருக்கும்போது எடுத்த அளவு, ஆலைக்கு நோயே இல்லை என்று சொல்லிவிடும்.

7. கெப்பாசிட்டர்: ஆலைக்கு ஆலை மாட்டிக்கொள்ளும் இடம்

இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். கெப்பாசிட்டரும் மூலத்தின் இண்டக்டன்ஸும் சேர்ந்து ஓர் ஊஞ்சல். அதற்கென்று ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்தில் விஎஸ்டி தள்ளினால் சிறு தள்ளலும் பெரிய ஆட்டமாகிவிடும். ஒத்ததிர்வு என்பது இதுதான்.

அந்தத் தாளம் எந்த வரிசையில் விழும் என்று ஒரு வரியில் கணக்கிடலாம். மூலத்தின் ஷார்ட் சர்க்கியூட் கேவிஏவை கெப்பாசிட்டரின் கேவிஏஆரால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். மூலத்தின் ஷார்ட் சர்க்கியூட் கேவிஏ என்பது அதன் கேவிஏவை இம்பீடன்ஸ் சதவீதத்தால் வகுத்தது.

தெனாகா பக்கம்: 1,000 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், 5 விழுக்காடு. வகுத்தால் 20,000. கெப்பாசிட்டர் 400 கேவிஏஆர் உள்ளே இருந்தால் 20,000-ஐ 400-ஆல் வகுத்து 50. வர்க்கமூலம் ஏறக்குறைய 7.1. அதாவது விஎஸ்டி தரும் 7-ஆம் வரிசையின் தலைமேலேயே.

டர்பைன் பக்கம்: 1,500 கேவிஏ, 15 விழுக்காடு. வகுத்தால் 10,000. அதே 400 கேவிஏஆர் என்றால் 25; வர்க்கமூலம் 5. விஎஸ்டியின் மிகப் பெரிய ஹார்மோனிக் 5-ஆம் வரிசை. இதைவிட மோசமான சேர்க்கையைத் தேடினாலும் கிடைக்காது.

தானியங்கி பேங்கில் படிகள் உள்ளே வந்து போகும்போது இந்த எண்ணும் நகரும். டர்பைனில் 200 கேவிஏஆர் என்றால் 7.1, 100 என்றால் 10. ஆகவே காலையில் சரியாக இருக்கும் போர்டு, பிரஸ்கள் எல்லாம் கிளம்பி நான்காவது படி உள்ளே விழுந்ததும் முனகத் தொடங்கும். எல்லாப் படிகளையும் போட்டு ஒருமுறை கணக்கிட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது பொதுவான பிழை. ஒவ்வொரு படிக்கும், ஒவ்வொரு மூலத்துக்கும் தனித்தனியாக எழுதி ஓர் அட்டவணை போடுங்கள். 5, 7, 11, 13 ஆகியவற்றுக்கு அருகே விழும் கட்டங்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள்.

பிறகு பேங்கின் கதவருகே போங்கள். கேன்களின் மேல்மூடி உப்பியிருக்கிறதா, அடியில் எண்ணெய் கசிந்திருக்கிறதா, கான்டாக்டர் முனைகள் நீலம் பாய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொரு படியின் மின்னோட்டத்தையும் உண்மை ஆர்எம்எஸ் கிளாம்பால் அளந்து பலகையோடு ஒப்பிடுங்கள். 400 வோல்ட், 50 கேவிஏஆர் கேன் 72 ஆம்பியர் இழுக்க வேண்டும். ஆனால் பலகையில் 440 வோல்ட், 50 கேவிஏஆர் என்று இருந்தால், 400 வோல்ட்டில் அது தருவது 41 கேவிஏஆர். 60 ஆம்பியர்தான் சரி. இதைக் கவனிக்காமல் 72 ஆம்பியரைப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் அந்தக் கூடுதல் 12 ஆம்பியர் பெரும்பாலும் ஹார்மோனிக்ஸுக்கான முதல் தடயம். பலகை மின்னோட்டத்தைவிட 1.3 மடங்குக்கு மேல் தொடர்ந்து ஓடினால் கேன் நெடுநாள் நிற்காது.

பேங்கில் கை வைக்கும் முன் பிரேக்கரை அணைத்து, ஐந்து நிமிடமாவது காத்திருந்து, முனைகளில் மின்னழுத்தம் இல்லை என்று அளந்து உறுதி செய்யுங்கள். கேனுக்குள் இருக்கும் ரெசிஸ்டர் மின்னூட்டத்தை இறக்கிவிடும் என்று நம்பியே ஷாக் வாங்கியவர்கள் உண்டு. அந்த ரெசிஸ்டரும் எரிந்து போகக்கூடியதுதான்.

இனி ஒரு கேள்வி. டர்பைனில் ஓடும்போது கெப்பாசிட்டர் எதற்கு? அபராதம் போடத் தெனாகா மீட்டர் அங்கே இல்லை. ஜெனரேட்டர் பொதுவாக 0.8 திறன் காரணிக்கே வடிவமைக்கப்பட்டது. ஆலைச் சுமையின் திறன் காரணி அதற்கு மேல் இருந்து, ஜெனரேட்டரின் மின்னோட்டமும் வரம்புக்குள் இருந்தால், டர்பைன் ஓடும் நேரத்தில் பேங்கை அணைத்துவிடலாம். சுமை குறைந்த இரவில் கெப்பாசிட்டர் அதிகமாக உள்ளே இருந்தால், ஜெனரேட்டரின் மின்னழுத்தம் தானியங்கிக் கட்டுப்பாட்டை மீறி ஏறும் ஆபத்தும் உண்டு. மூலம் மாற்றும் பிரேக்கரின் துணைக் கான்டாக்டிலிருந்து ஒரு கம்பி இழுத்து, டர்பைன் பிரேக்கர் மூடினால் பேங்க் தானாக விலகும்படி செய்யுங்கள். நான் பார்த்தவரை, டர்பைன் நேரக் கோளாறுகளில் பாதி இந்த ஒரு கம்பியில் தீர்ந்துவிடும்.

8. எண்களைப் படிக்கும் முறை

ஐஇஇஇ 519 தரம் 1 கிலோவோல்ட்டுக்குக் கீழே மின்னழுத்த மொத்த உருக்குலைவை 8 விழுக்காடு, தனி வரிசையை 5 விழுக்காடு என்று வரையறுக்கிறது. 1 முதல் 69 கிலோவோல்ட் வரை இவை 5, 3. இந்த வரம்புகள் தெனாகாவோடு நாம் இணையும் புள்ளிக்கானவை. ஆலைக்குள் இருக்கும் ஒவ்வொரு விஎஸ்டியின் முனைக்கும் உரியவை அல்ல. ஒரு விஎஸ்டியின் உள்வரும் கம்பியில் 40 விழுக்காடு மின்னோட்ட உருக்குலைவைப் பார்த்து அலற வேண்டாம். ஆறு டையோடு விஎஸ்டி அப்படித்தான் இருக்கும். டர்பைனில் தனித்து ஓடும்போது இணைப்புப் புள்ளி என்றே ஒன்று இல்லை. அப்போது 8 விழுக்காடு நமக்கு நாமே வைத்துக்கொள்ளும் எல்லை, ஜெனரேட்டரையும் மோட்டார்களையும் காப்பதற்காக.

சதவீதத்தை மட்டும் பார்ப்பது அடுத்த பிழை. இரவில் 60 ஆம்பியர் சுமையில் 40 விழுக்காடு என்றால் ஹார்மோனிக் 24 ஆம்பியர். பகலில் 300 ஆம்பியரில் 10 விழுக்காடு என்றால் 30 ஆம்பியர். திரையில் இரவு பயமுறுத்தும், தொல்லை தருவது பகல். இதற்காகவே ஐஇஇஇ 519, மின்னோட்டத்தை அந்த நேரச் சுமையால் வகுக்காமல் அதிகபட்சத் தேவையால் வகுக்கச் சொல்கிறது. நீங்கள் எப்போதும் ஆம்பியரையே எழுதுங்கள், 5-ஆம் வரிசைக்கும் 7-ஆம் வரிசைக்கும் தனித்தனியாக.

பேங்கை அணைத்து ஐந்து நிமிடம், போட்டு ஐந்து நிமிடம், அதே சுமையில் அளந்து ஒப்பிடுங்கள். அணைத்ததும் இன்கமரில் மின்னழுத்த உருக்குலைவு இறங்கினால் ஒத்ததிர்வு. அசையவே இல்லை என்றால் கெப்பாசிட்டர் குற்றவாளி அல்ல, விஎஸ்டிகளைப் பாருங்கள்.

9. தீர்வுகளை எந்த வரிசையில் செய்வது

முதலில் காசு அதிகம் ஆகாதவை: இணைப்புகளை இறுக்குதல், பேஸ்களைச் சமன்செய்தல், டர்பைனில் பேங்கை விலக்குதல், நியூட்ரல் கேபிளை மாற்றுதல். இவற்றைச் செய்து மறுபடி அளக்காமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

பிறகு விஎஸ்டிகளின் முன் லைன் ரியாக்டர். உள்ளே சோக் (ரியாக்டர் போன்ற சுருள்) எதுவும் இல்லாத விஎஸ்டியில் மின்னோட்ட உருக்குலைவு 80 விழுக்காட்டைக்கூடத் தொடும். முன்னால் 5 விழுக்காடு ரியாக்டர் வைத்தால் ஏறக்குறைய 35-க்கு வரும். விலைக்கு இதைவிடப் பலன் தரும் பொருள் இல்லை. சில விஎஸ்டிகளின் உள்ளேயே டிசி சோக் இருக்கும். கையேட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். எந்த நிலையிலும் விஎஸ்டிக்கும் மோட்டாருக்கும் இடையே கெப்பாசிட்டர் இருக்கக் கூடாது. நேரடியாக ஓடிய மோட்டாரை விஎஸ்டிக்கு மாற்றும்போது, மோட்டார் முனையில் இருந்த பழைய கெப்பாசிட்டரைக் கழற்ற மறந்துவிடுவார்கள். விஎஸ்டி முதல் நாளே போய்விடும்.

தெனாகா பக்கத்துக்கு பேங்க் தேவை என்று ரசீது சொன்னால், ரியாக்டரோடு கூடிய பேங்குக்கு மாற்றுங்கள். 7 விழுக்காடு ரியாக்டர் தாளத்தை 189 ஹெர்ட்ஸுக்கு இறக்கிவிடும். 5-ஆம் வரிசையின் 250 ஹெர்ட்ஸ் அதற்கு மேலே தள்ளி நிற்கும். விளக்குச் சுமையால் 3-ஆம் வரிசை வலுவாக இருந்தால் 14 விழுக்காடு, 134 ஹெர்ட்ஸ். இங்கே மூன்று பிழைகள் திரும்பத் திரும்ப வரும். ரியாக்டர் வந்ததும் கேனின் மின்னழுத்தம் 400-இலிருந்து 430-க்கு ஏறும், ஹார்மோனிக்ஸ் அதற்கு மேலே; எரிந்த கேனுக்குப் பதிலாகக் கடையில் கிடைத்த 415 வோல்ட் கேனை மாட்டினால் அதுவும் சீக்கிரமே உப்பும். 480 அல்லது 525 வோல்ட் கேன் வேண்டும். இரண்டாவது, சில படிகளுக்கு ரியாக்டர், சில படிகளுக்கு இல்லை என்ற கலப்பு. அது ஒத்ததிர்வைத் திரும்ப அழைத்து வரும். மூன்றாவது, ரியாக்டரின் வெப்பக் கான்டாக்ட் அடிக்கடி விழுகிறது என்று அதை ஷார்ட் செய்துவிடுவது. அது விழுவதே ரியாக்டர் தாங்காத ஹார்மோனிக்ஸ் வருகிறது என்று சொல்வதற்காகத்தான்.

விஎஸ்டிகளின் எண்ணிக்கை கூடக் கூட பேங்கின் தேவையும் குறைகிறது. விஎஸ்டி தன் முன்னால் மின்னோட்டத்தை மின்னழுத்தத்துக்குப் பின்னே தள்ளுவது குறைவு. நேரடி மோட்டார்களின் காலத்தில் அளவிட்ட 400 கேவிஏஆரில் இன்றைக்குப் பாதியே போதுமானதாக இருக்கலாம்.

இவ்வளவுக்கும் பிறகு எல்லையைத் தாண்டினால்தான் ஃபில்டர். குறிப்பிட்ட வரிசைக்கு இசைத்த பாசிவ் ஃபில்டர், மூலம் மாறும் ஆலையில் நம்பகமானதல்ல. ஒரு மூலத்தில் சரியாக வேலை செய்வது மற்றொன்றில் புது ஒத்ததிர்வை உண்டாக்கலாம். ஆக்டிவ் ஃபில்டர் மின்னோட்டத்தை அளந்து எதிர் அலையைச் செலுத்துவதால் மூலம் மாறினாலும் ஓடும், ஆனால் விலை அதிகம், குளிரான தூசியற்ற அறையும் வேண்டும். பிரஸ் நிலையத்தின் பக்கத்தில் வைத்தால் ஒரே பருவத்தில் அதன் விசிறி எண்ணெய்ப் பிசுக்கில் நின்றுவிடும். ஃபில்டரின் ஆம்பியரை 8-ஆம் பகுதியில் எழுதி வைத்த ஹார்மோனிக் ஆம்பியர்களைக் கொண்டு முடிவு செய்யுங்கள், விஎஸ்டிகளின் கிலோவாட்டைக் கூட்டி அல்ல.

10. மாற்றியபின் மறுபடி அளப்பது

அதே புள்ளிகள், அதே கிளாம்ப் விகிதம், மணிக்கு அதே டன் குலை. இவற்றில் ஒன்று மாறினாலும் முன்னும் பின்னும் ஒப்பிட முடியாது. மூன்று மூலங்களிலும் தனித்தனியாக எடுங்கள். தெனாகாவில் சரியாகிவிட்டது, டர்பைனையும் அப்படியே நம்புவோம் என்று விடாதீர்கள்.

முடிவை ஒரே தாளில் எழுதி பேங்கின் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள்: தேதி, மூலம், உள்ளே இருந்த படிகள், இன்கமரின் மின்னழுத்த உருக்குலைவு, 5-ஆம், 7-ஆம் வரிசை ஆம்பியர்கள், ஒவ்வொரு படியின் மின்னோட்டம். அடுத்த முறை கேன் எரியும்போது வரும் சார்ஜ்மேன் நீங்களாக இருக்க மாட்டீர்கள்; கணினியில் இருக்கும் அறிக்கையை அவர் தேடவும் மாட்டார். புதிய விஎஸ்டி வந்தாலோ, டிரான்ஸ்ஃபார்மர் மாறினாலோ, இரண்டாவது டர்பைன் இணைந்தாலோ, 7-ஆம் பகுதியின் அட்டவணையைத் திரும்பப் போட்டு அந்தத் தாளை மாற்றிவிட வேண்டும்.